இரும்பு, மரம், மண், விறகு

1

விழுப்புரத்துக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை எடுத்ததாக அதில் அரசன் சொல்லிக்கொள்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்து விஷயம். அந்தக் கல்வெட்டில் பக்தியைவிடப் பொருள்களைப் பற்றிய பிரக்ஞைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கட்டடம் எவற்றால் ஆகிறது, அவை ஒவ்வொன்றும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருப்பதால்தான் அவை இல்லாமல் செய்தேன் என்று பெருமைப்பட முடிகிறது.

ஆயிரத்து இருநூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகு அதே தொண்டை மண்டலத்தின் வழியாகத் தென்னிந்திய ரயில்வே ஒரு பாதை போட்டது. மகேந்திரன் விலக்கிவைத்த நான்கும் அதற்கு வேண்டியிருந்தன. அதற்கு முன் இந்தப் பக்கத்தில் யாரும் கணக்கெடுத்திராத அளவில் வேண்டியிருந்தன. ஆனால் அந்தப் பாதையைப் பற்றி எழுதியவர்களிடம் மகேந்திரனுக்கு இருந்த பிரக்ஞை இல்லை. நமது ரயில் சரித்திரம் தேதிகளின் சரித்திரம். 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு வரை முதல் வண்டி. 1862இல் மேற்குக் கடற்கரையில் பேப்பூர். 1874இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1876இல் தூத்துக்குடி. 1931இல் தாம்பரத்துக்கு மின்சார வண்டி. திறப்பு விழாக்களைக் கோத்தால் சரித்திரமாகிவிடும் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது.

நான் இருப்பது பொத்தேரியில். உத்தியோகம் வங்கியில். தினமும் இந்தப் பாதையில்தான் போய்வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தத் தொகை சஸ்பென்ஸ் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது கணிப்பொறியே சரிபார்த்துக்கொள்கிறது என்றாலும் கண்ணின் பழக்கம் போகவில்லை. பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்க்கும்போது இந்தப் பழக்கம்தான் குறுக்கிடுகிறது. இவ்வளவு எடை இங்கே வரவாகியிருக்கிறது. பற்று எங்கே எழுதியிருக்கிறது?

2

முதலில் இரும்பு. கணக்கு சுலபமானது என்பதால் அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு மைல் என்பது 1,760 கஜம். இரண்டு தண்டவாளம், ஆக 3,520 கஜம். 1870களில் மீட்டர் பாதைக்கு வழங்கிய தண்டவாளம் கஜத்துக்கு 40 ராத்தல். பெருக்கினால் மைலுக்கு 1,40,800 ராத்தல், அதாவது கிட்டத்தட்ட 63 டன். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு 35 மைல். ஒற்றைப் பாதைக்கே சுமார் 2,200 டன் ஆகிறது. ஆணி, போல்ட்டு, இணைப்புத் தகடு, பாலங்களின் உத்தரம் எல்லாம் தனி. அதற்கு முன்பே போடப்பட்ட சென்னை ரயில்வேயின் அகலப் பாதையில் தண்டவாளம் இதைவிடக் கனம். கஜத்துக்கு 65 ராத்தல் என்று வைத்தாலே மைலுக்கு 102 டன். ராயபுரத்திலிருந்து பேப்பூர் வரை ஏறக்குறைய 400 மைல். நாற்பதாயிரம் டன் இரும்பு.

இதில் ஒரு டன்கூட இங்கே வார்த்ததல்ல. முழுவதும் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன் வந்தவை ஆப்பிரிக்காவின் முனையைச் சுற்றி வந்தன. வந்து சேர்ந்த சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. இரும்புக் கால்கள் மேல் நிற்கும் பாலத்துறை 1860களின் தொடக்கத்தில்தான் வந்தது. துறைமுக வேலை 1875இல் ஆரம்பித்து 1881 புயலில் சேதமாயிற்று. ரயில் வேலை 1853லேயே தொடங்கிவிட்டது. ஆகவே முதல் சில வருஷங்களின் சரக்கு நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மசூலாப் படகில் இறங்கி, அலையைத் தாண்டித்தான் கரைக்கு வந்திருக்க முடியும். மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்தது. விறைப்பாக இருந்தால் அலை உடைத்துவிடும் என்பதால் நெகிழும்படி கட்டியது. இருபதடி நீளத் தண்டவாளம் ஒன்றின் எடை நானூறு ராத்தலுக்கு மேல். ஓர் ஆணிகூட இல்லாத படகில் நம் நாட்டின் இரும்பு யுகம் கரையேறியது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை, சரக்கு இறக்கிய முறையைச் சொல்கிறேன்.

இதன் பணக்கணக்கு பிரசித்தமானது. கம்பெனி போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வட்டி உத்தரவாதம். ரயில் சம்பாதிக்காவிட்டால் இந்திய வருமானத்திலிருந்து கொடுக்கப்படும். லாபம் லண்டன் பங்குதாரர்களுக்கு, ஆபத்து இங்கே நிலவரி கட்டியவனுக்கு. போட்ட முதலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பிரிட்டனிலேயே பொருள்களுக்காகச் செலவாயிற்று.

1853இல் மார்க்ஸ் எழுதினார்: இரும்பும் நிலக்கரியும் உள்ள நாட்டில் ரயிலைக் கொண்டுவந்தால் அதன் பின்னாலேயே தொழில்களும் வந்தே தீரும் என்று. காந்தி 1909இல் ஹிந்த் ஸ்வராஜில் எழுதினார்: ரயில் பிளேக்கைச் சுமக்கிறது, தானியத்தை வெளியே கொண்டுபோய்ப் பஞ்சத்தைப் பெருக்குகிறது என்று. நேர் எதிரான இரண்டு மனோபாவங்கள். ஆனால் இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரயில் எதைக் கொண்டுவரும், எதைக் கொண்டுபோகும்? எவற்றைத் தின்று ரயில் உண்டாகிறது என்ற கேள்வி இருவரிடமும் முன்னுக்கு வரவில்லை. மார்க்ஸின் எதிர்பார்ப்பு நெடுங்காலம் பொய்த்ததற்குக் காரணமே அந்தக் கேள்வியில் இருக்கிறது. தண்டவாளமும் எஞ்சினும் கடல் தாண்டி வந்துகொண்டிருக்கும்வரை பின்னால் வரவேண்டிய தொழில் வராது. சுதந்திரம் வரையிலான சுமார் நூறு வருஷத்தில் பிரிட்டனிலிருந்து இங்கே வந்த எஞ்சின்கள் பன்னிரண்டாயிரம் அளவில். இங்கே கட்டியவை எழுநூறு அளவில்.

இருந்தாலும் இரும்பின் பற்று வெளிநாட்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது, தேடினால் கிடைக்கும். உள்ளூர்க் கணக்குதான் சிக்கல்.

3

ஸ்லீப்பர் கட்டையைக் கஜத்துக்கு ஒன்று என்று போட்டார்கள். மைலுக்கு 1,760. நெருக்கிப் போட்டால் 2,000. அகலப் பாதையின் கட்டை ஒன்பதடி நீளம், பத்து அங்குல அகலம், ஐந்து அங்குல கனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டையில் மூன்று கன அடிக்குச் சற்று மேல் மரம். பேப்பூர் வரையிலான 400 மைலுக்கு ஏழு லட்சத்துச் சொச்சம் கட்டை. 22 லட்சம் கன அடி. இது மரத்தின் கணக்கு அல்ல, அறுத்த கட்டையின் கணக்கு. பட்டையும் கிளையும் கழிவும் காட்டிலேயே கிடந்தன.

தண்டவாளம் போட்டால் பல காலம் கிடக்கும். கட்டை அப்படியல்ல. வெயிலும் மழையும் செல்லும் சேர்ந்து சராசரி எட்டு வருஷத்தில் முடித்துவிடும். மட்டமான மரமானால் இரண்டு மூன்று வருஷம். ஆகவே இது ஒரு தடவை கொடுத்துத் தீர்க்கும் விலையல்ல, வருஷா வருஷம் கட்ட வேண்டிய தவணை. 1860களின் தொடக்கத்து மதிப்பீடு ஒன்று சென்னை மாகாணத்துக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கட்டைகள், அதாவது 35,000 மரங்கள் வேண்டும் என்கிறது. ஒரு மரத்தில் ஏழு கட்டை.

எல்லா மரமும் இதற்கு ஆகாது. தேக்கு, வேங்கை, ஆச்சா, கருமருது போன்ற வைரம் பாய்ந்தவைதான் தாங்கும். அந்த மரங்கள் இருந்த மலைகளும் பாதைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். தூரத்துக் காட்டிலிருந்து மாட்டு வண்டியில் இழுத்துவந்தால் கட்டுபடியாகாது. வட ஆர்க்காடு, சேலம் மலைகள் ரயில் பாதையிலிருந்து எட்டும் தூரத்தில் இருந்ததே அவற்றின் துரதிர்ஷ்டம். 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், ரயிலுக்கும் விறகுக்கும் மரம் வெட்டி மொட்டையாகிப்போன குன்றுகளைப் பற்றி அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார். உள்ளூர் மரம் போதாமல் பால்டிக் கரையின் பைன் கட்டைகளைத் தார் எண்ணெயில் ஊறவைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கிண்ணம் கவிழ்த்தது போன்ற வார்ப்பிரும்பு ஸ்லீப்பர்களையும் போட்டுப் பார்த்தார்கள். செல்லுக்குப் பயந்து மரத்துக்கு மாற்றாக மறுபடியும் இரும்பு.

இதே காலத்தில் அமெரிக்காவின் குறுக்கே போட்ட பாதையில் மைலுக்கு 2,500 கட்டைகள் வரை போனதாகச் சொல்வார்கள். மேற்குப் பக்கத்திலிருந்து போட்டவர்களுக்கு இரும்பு தென்னமெரிக்க முனையைச் சுற்றிக் கப்பலில் வந்தது. மரம் மலையில் பக்கத்திலேயே நின்றது. இரும்பைப் பொறுத்தவரை அவர்கள் நிலைமை நம்முடையது போலத்தான். வித்தியாசம் பிறகு நடந்ததில் இருக்கிறது. இங்கே மரம் தீர்ந்துபோகும் என்ற பயம் ஒரு சட்டமாயிற்று.

1864இல் இந்திய வனத்துறை, 1865லும் 1878லும் வனச் சட்டங்கள், 1882இல் சென்னை வனச் சட்டம். இவற்றுக்கு ரயில் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. கப்பல் கட்டும் தேக்குக்காக நிலம்பூரில் 1840களிலேயே தோட்டம் போட்டார்கள். ஆனால் ஸ்லீப்பர் கணக்குதான் காட்டை முதன்முதலில் ஒரு தொடர் சப்ளையாக, கன அடியில் எண்ணக்கூடிய இருப்பாக ஆக்கியது என்பது என் எண்ணம். இருப்பு என்று ஆனபின் அதற்குக் காவல் வேண்டும். காவல் வந்தபின் உள்ளே இருப்பவன் திருடன் ஆகிறான்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் காடு வட ஆர்க்காட்டு மலைக்காடு போன்றதல்ல. முள்ளும் காரையும் ஈச்சமும் மண்டிய குத்துக்காடு. ஸ்லீப்பருக்குத் தேறும் மரம் அதில் அதிகம் இருந்திருக்காது. ஆனால் சட்டம் மரத்தின் வைரம் பார்த்து வரவில்லை. தேன், கிழங்கு, மூலிகை, தலைச்சுமை விறகு என்று அந்தக் காட்டில் பிழைத்த இருளர்களுக்கும் அதே சட்டம்தான். ஜவ்வாது மலைக் கட்டைக்காகப் போட்ட பூட்டு இங்கேயும் பூட்டியது.

4

அடுத்தது மண்ணும் கல்லும். இவற்றை யாரும் இறக்குமதி செய்வதில்லை. ஆகவே இவற்றைப் பற்றிப் பார்லிமெண்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறடி உயரம், மேலே பன்னிரண்டடி அகலம், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவு. இப்படி ஒரு கரைக்குக் குறுக்குவெட்டு 144 சதுர அடி. ஒரு மைல் நீளத்துக்கு ஏழரை லட்சம் கன அடி மண். ஒரு கூடையில் அரைக் கன அடி என்றால் பதினைந்து லட்சம் கூடை. கூடை என்பது ஒரு தலை. பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலை. ஆண் வெட்ட, பெண் சுமப்பது இந்த வேலையின் வழக்கம். ஒட்டர் என்றும் போயர் என்றும் சொல்லப்படும் மக்கள் ஏரி வெட்டியும் கரை கட்டியும் பழகியவர்கள். குடும்பம் குடும்பமாகப் பாதையோரத்தில் குடிசை போட்டுத் தங்கி, முடிந்ததும் அடுத்த மைலுக்குப் போனார்கள். பம்பாய்ப் பக்கம் போர் காட் மலைச்சரிவில் 1861இல் ஒரே சமயத்தில் 42,000 பேர் வேலை செய்தார்கள், காலராவில் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். நம் சமவெளியில் அவ்வளவு நாடகம் கிடையாது. கூடை மட்டும்தான்.

இந்த மண் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் எளிது: பக்கத்திலிருந்து. கரைக்கு இருபுறமும் தோண்டி நடுவில் கொட்டினார்கள். மேடு எவ்வளவோ அவ்வளவு பள்ளம். எங்கள் ஸ்டேஷனுக்குத் தெற்கே பாதையோரமாக நீளவாக்கில் சில பள்ளங்கள் இருக்கின்றன. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்று கோரை முளைக்கும். புதிதாக வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவற்றைக் குட்டை என்கிறார்கள். ஊர்ப் பெயரே ஏரி என்று முடிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏரி என்றால் மதகும் கலங்கலும் பாசனமும் இருக்கும். இவற்றுக்கு வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. மண் எடுத்த குழிகள், அவ்வளவுதான்.

குழியைப் பார்க்கத் தெரிந்த ஒருவன் இந்தப் பக்கத்தில் என்ன கண்டான் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு சின்னச் சரளைக் குழியருகே புவியியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்தார். பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி. இந்தியாவின் முன் சரித்திரம் அன்று அந்தக் குழியில் ஆரம்பமாயிற்று. அவ்வளவு பழைமை யாரோ வேறு காரியத்துக்காகத் தோண்டி எறிந்த சரளையில் கிடந்தது.

எதிர்மறை உதாரணமும் உண்டு, இந்த முறை வடக்கே. லாகூர் - முல்தான் பாதைக்கு ஜல்லி தேவைப்பட்டபோது அருகிலிருந்த பழைய மேடு ஒன்றிலிருந்து செங்கல்லை வாரிக்கொண்டுபோனார்கள். சுமார் நூறு மைல் பாதைக்கு அது போதுமானதாக இருந்தது என்று கன்னிங்ஹாம் குறித்திருக்கிறார். அந்த மேட்டின் பெயர் ஹரப்பா. 1920களில் அதன் வயது தெரியவந்தபோது ஒரு நகரத்தின் பெரும்பகுதி தண்டவாளத்துக்கு அடியில் நொறுங்கிக் கிடந்தது. அந்தக் காண்ட்ராக்டர்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் செய்தது கணக்குப்படி சரியான காரியம். நல்ல செங்கல், கையருகில், இனாம். பொருளை வெறும் பொருளாக மட்டும் பார்ப்பதற்குப் பழகிவிட்டால் ஹரப்பாவும் ஜல்லிதான்.

நம் பக்கத்தில் செங்கல் நகரம் இல்லை, கல் மலை இருந்தது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடந்த கல் இந்த வகை என்று கண்டு டி. எச். ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர். நம் ஊர்க் கல்லுக்கு இன்னோர் ஊரில் செத்தவன் பெயர். சென்னையில் ஓடிய முதல் ரயிலே கல்லுக்காக ஓடியது என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1837இல் செங்குன்றத்திலிருந்து நகரத்துக்குச் சாலை போடும் கல்லைக் கொண்டுவருவதற்காகப் போட்ட பாதை அது. ரயில் ஆளை ஏற்றுவதற்கு முன்பே மலையை ஏற்றத் தொடங்கிவிட்டது.

மகேந்திரனும் மலையைக் குடைந்தவன்தான். பல்லாவரத்திலும் செங்கல்பட்டை அடுத்த வல்லத்திலும் குடைவரைகள் இருக்கின்றன. நாங்கள் தினம் தாண்டும் சிங்கப்பெருமாள் கோயிலிலும் சுவாமி குன்றோடு குன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அங்கே கல்லை எடுத்ததால் ஏற்பட்ட வெற்றிடமே கோயில். குழிதான் கட்டடம். ரயிலில் குழி ஓரிடம், கட்டடம் வேறிடம். இரண்டும் பிரிந்துபோனதால்தான் ஒன்றைப் பார்க்கும்போது மற்றது ஞாபகத்துக்கு வருவதில்லை. பழையது புனிதம், புதியது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குடைவரைகளை வெட்டியவர்களுக்கு என்ன கூலி என்று மகேந்திரனின் கல்வெட்டிலும் இல்லை.

5

இவ்வளவு நேரம் பாதையைப் பற்றிச் சொன்னேன். பாதையில் வண்டி ஓட வேண்டுமே. நம் இலக்கிய விவகாரம் இங்கேதான் வருகிறது.

தென்னாட்டில் நிலக்கரி கிடையாது. வங்காளத்துக் கரி தூரம், இங்கிலாந்துக் கரி விலை. ஆகவே சென்னை ரயில்வேயும் தென்னிந்திய ரயில்வேயும் பல காலம் விறகில் ஓடின. ஒரு டன் நிலக்கரியின் வேலையைச் செய்ய இரண்டு டன்னுக்கு மேல் விறகு வேண்டும். செங்கல் சூளைக்கும் விறகு. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும் விறகு. ஸ்லீப்பருக்கு ஆகாத மரமும் இந்த வாயில் போயிற்று. குத்துக்காடு எவ்வளவுதான் தாங்கும்? 1860களிலிருந்து சோழமண்டலக் கடற்கரை மணலில் ஒரு புதிய மரத்தை வரிசை வரிசையாக நட ஆரம்பித்தார்கள். தென்கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலியக் கரைகளின் மரம். வெறும் மணலில் வளரும், உப்புக் காற்றைத் தாங்கும், சில வருஷங்களில் வெட்டுக்கு வரும், பச்சையாகவே எரியும் அளவுக்கு நல்ல விறகு. சர்க்கார் நட்டது, லாபம் தெரிந்ததும் பட்டாதாரர்களும் நட்டார்கள். அதுதான் சவுக்கு.

1876 - 78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்ட இணைப்பின் பிறகு சென்னையை ஊடறுத்துச் சென்ற பக்கிங்காம் கால்வாயில் இந்தச் சவுக்கு விறகு படகு படகாக நகரத்துக்குப் போயிற்று. பட்டினி கிடந்தவர்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய், எஞ்சினும் அடுப்பும் தின்பதற்கு விறகு சுமந்தது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி இன்றும் நிற்கும் சவுக்குத் தோப்புகளின் பூர்வீகம் இது. இப்போது அதைச் சாரத்துக்கும் காகிதக் கூழுக்கும் வெட்டுகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அலைக்கு அரணென்றும் நட்டார்கள். ஆனால் கவிதையில் அது என்னவாக இருக்கிறது? கடற்கரைக் கவிதை என்றால் சவுக்குத் தோப்பின் இரைச்சல் வந்துவிடுகிறது. ஆதி மௌனம், ஆதித் தனிமை, மனிதன் வருவதற்கு முந்திய ஓலம் என்றெல்லாம் அதன்மேல் ஏற்றியிருக்கிறோம். நானும் ஏற்றியிருக்கிறேன். இதே போன்ற ஒரு சிற்றிதழில் வந்த என் கவிதை ஒன்றில் சவுக்கு நின்றது, இயற்கை என்ற பெயரில். சங்கக் கவிஞனின் நெய்தலில் புன்னையும் தாழையும் ஞாழலும் உண்டு. சவுக்கு இருக்க முடியாது, அது இந்தக் கரைக்கே வரவில்லை. அவன் தன் நிலத்தின் மரங்களைத் தெரிந்து பெயர் சொன்னான். நாம் நூற்றைம்பது வருஷத்துப் பழைய எரிபொருள் கிடங்கின் நடுவில் நின்றுகொண்டு ஆதி இயற்கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது தாவரவியல் பிழை என்றால் விட்டுவிடலாம். பார்வையின் பிழை என்று நினைக்கிறேன். நம் எழுத்தில் ரயில் எப்போதும் ஜன்னலோரத்திலிருந்து எழுதப்படுகிறது. குஜிலிக் கடைச் சிந்துகளில் அது அதிசயம். பிறகு வந்த நாவல்களில் பிரிவும் சந்திப்பும். புதுக்கவிதையில் தண்டவாளம் சேராத இணைகோடு; இந்த இணைகோட்டை இதுவரை எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்த 1879ஆம் வருஷமும் இந்தப் பாதை வேலைகள் நடந்த அதே பத்தாண்டைச் சேர்ந்ததுதான். நவீன உரைநடையும் ரயிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நமக்கு வந்தன. பயணியின் கண்ணை உரைநடை சுவீகரித்துக்கொண்டது. கூடை சுமந்தவளின் கழுத்தைச் சுவீகரிக்கவில்லை. எனக்குப் படிக்கக் கிடைத்தவரையில், ரயிலின் எடையைச் சொல்லும் ஒரு பக்கத்தை நான் தமிழில் பார்க்கவில்லை.

6

கணக்கு முடிந்துவிடவில்லை. 1870இல் மேயோ பிரபு காலத்தில் செலவு குறைக்க வேண்டும் என்று மீட்டர் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு அகலமாகப் போட்ட நாகப்பட்டினம் - திருச்சி பாதையைக்கூடக் குறுக்கினார்கள். 1990களில் தொடங்கி அதே பாதைகளை மறுபடியும் அகலமாக்கினார்கள். கடற்கரை - தாம்பரம் மீட்டர் பாதையில் 2004இல் வண்டி நின்றது. பழைய 40 ராத்தல் தண்டவாளம் கிலோமீட்டருக்கு 40 டன். இன்றைய கனரகத் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ. கிலோமீட்டருக்கு 120 டன். ஸ்லீப்பர் இப்போது கான்கிரீட். ஒன்று சுமார் 270 கிலோ, கிலோமீட்டருக்கு 1,660 என்றால் ஏறத்தாழ 450 டன். காட்டு மரம் தப்பித்தது, உண்மைதான். சிமெண்டும் மணலும் ஜல்லியும் அதன் இடத்துக்கு வந்தன. செங்கல்பட்டுக்கு அப்பால் பாலத்தின்மேல் வண்டி போகும்போது கீழே பாலாற்றைப் பார்க்கிறவர்களுக்கு, மணல் ஓர் ஆற்றிலிருந்து எப்படித் தீர்ந்துபோகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மணல் ஸ்லீப்பருக்குப் போயிற்று என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போயிற்று, பாலத்துக்குப் போயிற்று, வங்கிக் கடனில் நாங்கள் கட்டிக்கொடுத்த மாடிகளுக்குப் போயிற்று. ரயில்தான் முதலில் இந்தக் கண்ணைக் கொடுத்தது: நிலத்தைக் கன அடியில் பார்க்கும் கண்.

2019இல் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர்கள். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு வருஷக்கணக்கில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கொத்தடிமை முறையை 1976லேயே சட்டம் ஒழித்துவிட்டது. காட்டில் தலைச்சுமை விறகு எடுப்பது குற்றம் என்று 1882 வாக்கில் சொல்லப்பட்டவர்களின் சந்ததி, கடனுக்காக லாரி லாரியாக விறகு வெட்டிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் நின்று நான் தேடிய பற்று இங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். முன்பணம் என்ற தலைப்பில், தப்பான ஆளின் பெயரில்.

மண் வேலை செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குழி தோண்டும்போது நடுவில் அங்கங்கே ஒரு தூண் அகலத்துக்கு மண்ணைத் தோண்டாமல் விட்டுவிடுவார்கள். அதன் தலையில் பழைய தரையும் புல்லும் அப்படியே இருக்கும். அளக்க வருகிறவர் அதன் உயரத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள், எத்தனை கன அடி போயிருக்கிறது என்று கூலி போடுவார். எடுத்ததற்கு ஒரே அத்தாட்சி எடுக்காமல் விட்டதுதான். கூலி கொடுத்து முடிந்ததும் அதையும் வெட்டிவிடலாம்.

எங்கள் ஸ்டேஷன் தெற்குக் குழி ஒன்றில் அப்படி ஒரு மண் தூண் போன்ற திட்டு, இடுப்பளவு உயரத்தில், மழையில் கரைந்து கூர்மையாகி, கோரைக்கு நடுவே பல வருஷம் நின்றது. யாரும் அளக்க வரவில்லை. போன மழைக்காலத்துக்கு முன்பு அந்தக் குழியை லாரி மண் கொட்டி மூடி மனை போட்டார்கள். மனைக் கடனுக்கான விண்ணப்பம் ஒன்று என் மேஜைக்கு வந்தது. சர்வே எண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாக் காகிதமும் சரியாக இருந்ததால், மேலே அனுப்பினேன்.